பெரிய சனிக்கிழமை: ஓர் ஓவியமும் ஒரு நாவலும்

இறையியல் மாணவராயிருந்த நாளில், நூலகத்தில் ஒரு கலைநூலைப் புரட்டுகையில் கண்ட ஓவியம் ஒன்று, முப்பது ஆண்டுகள் கடந்தும் நம்மை விட்டு அகலவில்லை. அதே ஆண்டில் படித்த நாவல் ஒன்றும் அவ்வாறே. ஓவியம், இளைய ஹான்ஸ் ஹோல்பைன் 1521, 1522ஆம் ஆண்டுகளில் தீட்டிய 'கல்லறையில் மரித்த கிறிஸ்துவின் உடல்'. நாவல், பியோதர் தஸ்தயேவ்ஸ்கி எழுதி 1868, 1869ஆம் ஆண்டுகளில் ஓர் உருசிய இதழில் தொடராக வெளிவந்த 'அசடன்'. இவ்விரண்டுக்கும் உறவுண்டு என்பதை அன்று நாம் அறியோம். நாவலின் இரண்டாம் பாகத்தில், இருண்ட வீடொன்றின் உள்வாசலுக்கு மேலே அதே ஓவியத்தின் நகல் தொங்குவதைக் கண்டபோது, தெரிந்த முகம் ஒன்றை அயலூரில் எதிர்ப்பட்டாற்போல் திடுக்கிட்டோம்.

ஒருவர் தமக்குப் பிடித்தமானதைப் பற்றி எழுதுவது திறனாய்வாகுமா என்று வாசகர் வினவலாம். பிடித்தம் என்பது இங்கே பொருத்தமான சொல்லன்று. அவ்வோவியத்தை எவரும் 'பிடித்தது' எனச் சொல்லார். ஒரு படைப்பு நம்மை ஆண்டுக்கணக்கில் விடாது பற்றிக்கொண்டிருக்குமாயின், அது நம்மிடம் ஏதோ ஒன்றைக் கேட்டுக்கொண்டே இருக்கிறது என்பதே பொருள். அக்கேள்வி யாது, அதற்கு நாவல் தரும் விடை யாது, அவ்விடையால் நம் திருச்சபைக்கு என்ன பயன் என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஓவியம் காட்டுவது

முதலில் ஓவியத்தின் அளவை மனத்தில் கொள்ள வேண்டும். அது மரப்பலகையில் தீட்டப்பட்டது. நீளம் ஏறத்தாழ 2 மீட்டர். உயரமோ 30 சென்டிமீட்டரைச் சற்றே கடந்தது. நூல்களில் அச்சாகும்போது விரலளவுக்குச் சுருங்கிவிடுவதால் இவ்விகிதத்தின் கொடுமை புலப்படுவதில்லை. ஆகையால் ஆண்டுதோறும் லெந்து காலத்தில் வகுப்பறைக் கரும்பலகையில் அதே அளவில் ஒரு நீள்சதுரத்தைச் சுண்ணக்கட்டியால் வரைந்து, ஓர் ஆள் உள்ளே மல்லாந்து கிடக்கலாம், எழுந்து உட்கார இயலாது என்று மட்டும் கூறுவது நம் வழக்கம். வகுப்பு தானே அமைதியாகிவிடும். படத்தைப் பிறகுதான் காட்டுவோம்.

அச்சிறு இடத்தில் உடல் ஒன்று தனியே கிடக்கிறது. அழும் தாய் இல்லை, அரிமத்தியா யோசேப்பு இல்லை, நிக்கொதேமு இல்லை. தலையைச் சுற்றி ஒளிவட்டமும் இல்லை. வாய் திறந்திருக்கிறது. கண்ணும் மூடப்படவில்லை. தாடி மேல்நோக்கி நிற்க, தலைமயிர் கல்லின் விளிம்பைத் தாண்டி நம்மை நோக்கி வழிகிறது. விலா எலும்புகள் துருத்தி நிற்கின்றன. விலாவில் ஈட்டியின் காயம். முகமும் கைகளும் பாதங்களும் பச்சையோடிக் கறுக்கத் தொடங்கிவிட்டன. வலக்கை, விரிக்கப்பட்ட வெண்துணியின் விளிம்பில் கிடக்க, நடுவிரல் நீண்டு துணியை அழுத்தியிருக்கிறது. அவ்விரலில் உயிரின் அடையாளத்தைக் காண முயன்றோர் உண்டு. நமக்கு அது அவ்வாறு தோன்றவில்லை. விறைத்துப்போன விரல் அது. நோவின் கடைசி அசைவு நின்றவிடத்திலேயே நின்றுவிட்டது.

இவ்வுடல் கிறிஸ்துவினுடையது என்பதற்கு காயங்களையன்றி மேலே உள்ள பட்டையில் எழுதப்பட்ட மேல்விலாசமே சான்று. 1586இல் இதனைத் தம் சேகரிப்பில் வைத்திருந்த பாசிலியுஸ் ஆமர்பாக் என்னும் பாசல் நகரத்து அறிஞர், தம் பட்டியலில் இறந்தவன் ஒருவனின் படம் என்று குறித்துவிட்டு, அதனோடு அம்மேல்விலாசத்தையும் சேர்த்து எழுதினார். அக்குறிப்பு மிகச் சரியானது எனலாம். முதலில் காண்பது ஒரு பிணம். அது யாருடையது என்பது பின்னர்தான் தெரிகிறது. அவ்விரண்டிற்கும் இடைப்பட்ட கணத்தில்தான் ஓவியம் தன் வேலையைச் செய்கிறது.

அச்சேகரிப்பைப் பாசல் நகரம் 1661இல் விலைக்கு வாங்கியது. ஓவியம் இன்றும் அந்நகரின் கலைக்கூடத்தில் உள்ளது. 1529 பெப்ருவரியில் அங்கே சீர்திருத்தம் கொந்தளித்து எழுந்தபோது மக்கள் ஆலயங்களுக்குள் புகுந்து உருவங்களை உடைத்தெறிந்தனர். அவ்வழிவுக்கு இது தப்பியது. உருவங்களை ஐயத்தோடு நோக்கும் நம் சீர்திருத்தத் திருச்சபை மரபிற்கு இதனிடம் அஞ்சவேண்டுவது யாதுமில்லை. இதனை எவரும் வணங்கமாட்டார். வணங்குவதற்கான அழகு இதில் ஏதுமில்லை. ஏசாயா 53ஆம் அதிகாரத்தை உள்ளபடியே தீட்டினாற்போன்ற ஓவியம் இது.

நம் கிறிஸ்தவ இல்லங்களின் சுவர்களில் நாம் காணும் படம் வேறு. அமெரிக்க ஓவியர் வார்னர் சால்மன் 1940இல் தீட்டிய, ஒளி தவழும் முகமும் அலையலையான கூந்தலும் கொண்ட கிறிஸ்துவின் தலை உலகெங்கும் அச்சாகிப் பரவி நம் சிற்றூர்க் குடிசைகளிலும் தொங்குகிறது. அப்படத்தைப் பழிப்பது நம் கருத்தன்று. அதன்முன் மண்டியிட்டு ஆறுதல் பெற்ற ஏழைகள் பலரை நாம் அறிவோம். ஆயினும் அம்முகம் மரிக்கக் கூடிய முகமாக நமக்குத் தோன்றவில்லை. மரிக்க இயலாத கிறிஸ்து மரித்தவர்களுக்கு எவ்வாறு உடனிருப்பார்?

திண்டுக்கல் சமவெளியில் கேட்கப்பட்ட கேள்வி

இவ்வினா நமக்கு நூலிலிருந்து பிறக்கவில்லை. திண்டைப் போன்ற கல் என்பதால் இந்நகர் திண்டுக்கல் ஆயிற்று என்பர். அக்கல்மலையிலிருந்து நோக்கினால் நாற்புறமும் விரியும் வறண்ட சமவெளியில் நமக்கு முதல் ஊழியம் வாய்த்தது. மானாவாரிச் சோளமும் நிலக்கடலையும் விளையும் மண். நீருக்காகப் பாறையை வெடிவைத்துப் பிளந்து நூறடி ஆழம் கிணறு வெட்டும் ஊர்கள். அவ்வாறு கிணறு வெட்டச் சென்ற இளைஞன் ஒருவன் வெடி விபத்தில் மாண்டான். மறுநாள் மாலையில்தான் உடல் வீடு வந்து சேர்ந்தது. நமக்கு அப்போது வயது இருபத்தேழு.

கூரைவீட்டின் முன்பந்தலில் உடலைக் கிடத்தியிருந்தனர். நாம் பாடலொன்றைத் தொடங்கி, வேதபாடம் வாசித்து, உறுதியான குரலில் பிரசங்கித்தோம். இவர் இங்கே இல்லை, கர்த்தரிடத்தில் இருக்கிறார், இது வெறும் கூடு என்றோம். ஆறுதல் சொல்லிவிட்டதாகவே எண்ணினோம். தலைமாட்டில் அமர்ந்து துண்டினால் ஈ விரட்டிக்கொண்டிருந்த தாய், கையை நிறுத்தாமலே நம்மை நிமிர்ந்து பார்த்துக் கேட்டார்:

"ஐயா, எம் புள்ள கர்த்தர்கிட்ட போயிட்டான்னு சொல்றீங்க. அப்ப இந்தா படுத்துக் கெடக்கானே, இவன் யாரு?"

நம்மிடம் விடை இல்லை. ஆசீர்வாதம் கூறிவிட்டுக் கடைசிப் பேருந்தைப் பிடித்து நகருக்குத் திரும்பினோம். ஊர்ப் பெண்கள் விடியுமட்டும் அங்கேயே இருந்தனர் என்று மறுநாள் அடக்கத்திற்குச் சென்றபோது அறிந்தோம். உடலைத் தனியே விடலாகாது என்பது நம் மக்களின் வழக்கம். அதனை வழக்கம் என்று மட்டுமே அன்று நாம் கருதியிருந்தோம். ஒரு வாரங்கழித்து மாணவப் பருவத்துக் குறிப்பேட்டில் ஒட்டிவைத்திருந்த ஹோல்பைனின் படத்தை எடுத்துப் பார்த்தோம். அத்தாயின் கேள்வியே அங்கே கிடந்தது. இவர் யார்?

தஸ்தயேவ்ஸ்கி கண்ட காட்சி

1867 ஆகஸ்டில் தஸ்தயேவ்ஸ்கி தம் இளம் மனைவி அன்னாவுடன் ஜெனீவாவுக்குச் செல்லும் வழியில் பாசலில் ஒருநாள் இறங்கினார். கடன்காரர்களுக்கு அஞ்சி நாட்டை விட்டு வெளியேறியிருந்த காலம் அது. இவ்வோவியத்தைப் பற்றிய வருணனையை உருசிய எழுத்தாளர் கரம்சீனின் பயண நூலில் அவர் முன்னரே படித்திருந்தார். கலைக்கூடத்தில் படத்தின்முன் அவர் அசையாது நின்றுவிட்டார் என்றும், காக்காய்வலிப்பு வருமுன் தோன்றும் கலக்கம் அவர் முகத்தில் தென்பட்டதென்றும் அன்னா எழுதிவைத்துள்ளார். இன்னும் அருகிலிருந்து காண அவர் நாற்காலி ஒன்றின்மீது ஏறி நின்றார். அபராதம் விதிப்பார்களோ என்று மனைவி அஞ்சினார்.

அம்மனிதருக்குச் சாவு புதிதன்று. 1849 டிசம்பரில் அரசுக்கு எதிரான குழுவொன்றில் பங்குகொண்டதற்காகச் சுடப்படும் களத்தில் நிறுத்தப்பட்டு, கடைசி நேரத்தில் தண்டனை மாற்றப்பட்டவர் அவர். ஓவியத்தைக் கண்ட சில திங்களில் நாவலை எழுதத் தொடங்கினார். எழுதிக்கொண்டிருக்கையில், 1868இல், அவருடைய முதற்குழந்தை சோபியா ஜெனீவாவில் பிறந்து மூன்று திங்களில் மாண்டது. இந்நாவலை மதிப்பிடுவோர் அச்சிறு கல்லறையை மறத்தல் கூடாது.

முற்றிலும் நல்லவனாகிய ஒரு மனிதனைப் படைப்பதே தம் நோக்கம் என்று அவர் மடல்களில் எழுதினார். குறிப்பேடுகளில் தம் கதைத்தலைவனைக் கிறிஸ்துவோடு இணைத்தே குறித்தார். அத்தலைவன்தான் இளவரசன் மிஷ்கின். சுவிட்சர்லாந்தில் காக்காய்வலிப்புக்குச் சிகிச்சை பெற்றுத் தாயகம் திரும்பும் எளியவன். பொய் சொல்லத் தெரியாதவன். அவமதித்தோரிடம் தானே மன்னிப்புக் கேட்பவன்.

இந்நாவல் தமிழ் வாசகருக்கு எட்டியது எம்.ஏ. சுசீலா அவர்களின் மொழிபெயர்ப்பால். மதுரை பாத்திமா கல்லூரியில் தமிழ்ப் பேராசிரியராக இருந்தவர் அவர். 'குற்றமும் தண்டனையும்' நாவலை முதலில் பெயர்த்து, 2011இல் இதனையும் மதுரையிலிருந்து வெளியிட்டார். அதுவரை ஆங்கிலத்தில் படித்திருந்த நமக்கு 'அசடன்' என்னும் தலைப்பே ஒரு விளக்கவுரையாக அமைந்தது. முட்டாள் என்பதில் வெறுப்பு இருக்கிறது. மூடன் என்பதில் தீர்ப்பு இருக்கிறது. அசடு என்பதை ஒரு தாய் தன் பிள்ளையின் தலையைத் தடவிக்கொண்டே சொல்லலாம். பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தில் சிலுவையின் செய்தியை உலகம் எவ்வாறு எண்ணிற்று என்று கூறுமிடத்தில் நம் பழைய திருப்புதல் 'பைத்தியம்' என்ற கடுஞ்சொல்லை ஆள்கிறது. நாவலில் வரும் மாந்தர் மிஷ்கினை ஏளனத்தோடும் அன்போடும் மாறிமாறி அழைப்பதற்கு அசடன் என்பதைவிடப் பொருத்தமான தமிழ்ச் சொல் கிடைப்பது அரிது.

நாவலில் ஓவியம் தோன்றும் இடங்கள்

நாவலில் இவ்வோவியம் நேர்முகமாக இருமுறை வருகிறது. முதல்முறை, பணக்கார வணிகன் மகனாகிய ரோகோஜினின் வீட்டில். அவனும் மிஷ்கினும் நஸ்தாஸ்யா பிலிப்போவ்னா என்னும் பெண்மீது அன்புகொண்டவர்கள். ஒருவனுடையது ஆசை, மற்றவனுடையது இரக்கம். வாசலுக்கு மேலே தொங்கும் நகலைக் கண்ட மிஷ்கின், மூலத்தை வெளிநாட்டில் பார்த்ததாகவும் மறக்க முடியவில்லை என்றும் கூறுகிறான். ரோகோஜினோ அதைப் பார்த்துக்கொண்டிருப்பதே தனக்கு விருப்பம் என்கிறான். இதனைப் பார்த்தால் ஒருவனுக்கு இருக்கும் விசுவாசமும் போய்விடக்கூடும் என மிஷ்கின் பதற, அது போய்க்கொண்டுதான் இருக்கிறது என்று மற்றவன் ஒப்புக்கொள்கிறான். விசுவாசமுள்ளவன் படத்திற்கு அஞ்சுகிறான். அதை இழந்துவருபவன் அதன் அடியிலேயே வாழ்கிறான்.

இரண்டாம் முறை, எலும்புருக்கி நோயால் சாகக் கிடக்கும் பதினெட்டு வயது இப்போலிட் கூட்டத்தார் நடுவே வாசிக்கும் நீண்ட அறிக்கையில். பிற ஓவியர்கள் கிறிஸ்துவின் முகத்தில் அழகை எஞ்சவிடுகின்றனர்; இங்கே அது சிறிதும் இல்லை என்பது அவன் குறிப்பு. இவ்வுடலைக் கண்ட சீடரும் பெண்களும் இவர் எழுவார் என்று எங்ஙனம் நம்பியிருக்கக்கூடும் என்று கேட்கிறான். இயற்கை அவனுக்கு ஊமையான பெருவிலங்காகவும், விலைமதிப்பற்ற ஓர் உயிரை உணர்வின்றி அரைத்து விழுங்கிய இயந்திரமாகவும் தோன்றுகிறது. விசுவாசத்திற்கு எதிராக இலக்கியம் தொடுத்த வழக்குகளில் இதனைவிட நேர்மையானது நாமறிந்தவரை வேறில்லை. அதனை எழுதியவர் கிறிஸ்துவை நேசித்தவர் என்பது ஈண்டு கருதத்தக்கது. எதிர்வழக்கை மெலிதாக்கி வெல்ல அவர் விரும்பவில்லை.

இவ்வழக்கிற்கு மிஷ்கின் கூறும் மறுமொழி யாது? வாதமாக எதுவும் இல்லை. ரோகோஜினுக்கு அவன் கூறுவன சில வழிப்போக்கு நிகழ்ச்சிகளே. அவற்றுள் ஒன்று, குழந்தை முதன்முறை சிரித்ததைக் கண்டு சிலுவை அடையாளமிட்டுக்கொண்ட ஏழைத் தாயைப் பற்றியது. இப்போலிட்டுக்கோ அவனிடம் விடையே இல்லை. இதனைக் குறையாகச் சுட்டிய திறனாய்வாளர் பலர். மிஷ்கின் எவரையும் காப்பாற்றவில்லை. அவன் தொட்டவை யாவும் அழிவிலேயே முடிகின்றன. ஆகவே கிறிஸ்துவின் சாயலைப் படைக்கும் முயற்சி தோற்றது என்பர். நடுப்பகுதியில் கதை தளர்ந்து அலைகிறது என்னும் குற்றச்சாட்டையும் நாம் மறுக்கவில்லை. ஆசிரியரே தாம் எண்ணியதில் ஒரு பகுதியைக்கூட முழுமையாகச் சொல்ல இயலவில்லை என்று வருந்தியவர்.

ஆயினும் கடைசி அதிகாரங்களை ஓவியத்தோடு வைத்துப் படிக்க வேண்டும். ரோகோஜின் நஸ்தாஸ்யாவைக் கொன்றுவிடுகிறான். மிஷ்கினைத் தேடிப்பிடித்து அதே வீட்டிற்கு அழைத்து வருகிறான். இருண்ட அறை, கட்டிலில் தலைமுதல் கால்வரை வெண்துணியால் மூடப்பட்ட உடல், துணியின் கீழிருந்து வெறும் பாதத்தின் நுனி மட்டும் வெளியே தெரிகிறது. அசைவற்ற அமைதியில் ஓர் ஈ ரீங்கரித்துப் பறந்து தலைமாட்டில் அமர்கிறது.

வாசலுக்கு மேலே தொங்கிய ஓவியம் இப்போது வீட்டினுள் இறங்கிவிட்டது என்பதை இங்கே உணர்கிறோம். மூன்றாம் முறையாக, பெயர் சொல்லப்படாமல், அதே கல்லறை. கிறிஸ்துவின் இடத்தில் ஆண்களின் ஆசைக்கும் அவமதிப்புக்கும் இரையான ஒரு பெண் கிடக்கிறாள். இப்போலிட்டின் கேள்விக்கு நாவல் தரும் விடையும் இங்கேதான் வருகிறது. மிஷ்கின் ஓடவில்லை. பிரசங்கிக்கவில்லை. இரவு முழுதும் அவ்வுடலருகே, கொலைகாரனின் பக்கத்தில் கிடக்கிறான். ரோகோஜின் பிதற்றும்போதெல்லாம் நடுங்கும் கையை நீட்டி அவன் தலையையும் கன்னத்தையும் தடவிக்கொடுக்கிறான். விடிந்து மற்றவர்கள் வந்தபோது மிஷ்கினின் அறிவு முற்றிலும் அழிந்துபோயிருந்தது. ஆனால் அந்தக் கை மட்டும் தடவிக்கொண்டே இருந்தது.

நஸ்தாஸ்யாவைக் காப்பாற்ற அவனால் இயலவில்லை, அது மெய். கொன்றவனுக்கு ஆறுதலளித்து, கொல்லப்பட்டவளைக் கைவிட்டானோ என்ற கேள்வியும் எழத்தான் செய்கிறது. அதனை நாவல் தீர்த்துவைக்கவில்லை. ஆனால் வாதத்தால் வெல்ல முடியாத இருளுக்குள் அவன் தானே இறங்கினான். திரும்பி வரவும் இல்லை. கிறிஸ்து பாதாளத்தில் இறங்கினார் என்று விசுவாசப் பிரமாணத்தில் வாரந்தோறும் அறிக்கையிடுகிறோமே, அதன் மங்கிய நிழல் இது. அவ்வறிக்கையைத் தம் இறையியலின் நடுப்பொருள்களுள் ஒன்றாக்கிக்கொண்ட கத்தோலிக்க அறிஞர் ஹான்ஸ் ஊர்ஸ் ஃபொன் பல்தாசார், ஹோல்பைனின் ஓவியம் இருக்கும் அதே பாசலில் நெடுங்காலம் வாழ்ந்தவர். பெரிய சனிக்கிழமையன்று கிறிஸ்து வெற்றிவீரராக அன்று, மரித்தவர்களோடு மரித்தவராகவே இருந்தார் என்று அவர் வற்புறுத்தினார். அவருடைய நண்பரும் அதே நகரத்தவருமாகிய கார்ல் பார்த், குரூனவால்டின் சிலுவைக்காட்சியைத் தம் எழுதுமேசைக்கு மேலே மாட்டிவைத்திருந்தார் என்பது நம் மாணவர் அறிந்ததே. வெள்ளிக்கிழமைக்குக் குரூனவால்ட் எனில், சனிக்கிழமைக்கு ஹோல்பைன் எனலாம்.

எஞ்சும் ஐயங்கள்

இவ்வாறு படிப்பது நாவலுக்கு மிகையான பக்தியை ஏற்றுவதாகாதா? பிரெஞ்சு அறிஞர் ஜூலியா கிறிஸ்தேவா 1987இல் வெளியிட்ட நூலில் இவ்வோவியத்தை மனிதனின் தீராத் தனிமையின் சித்திரமாகக் கண்டார். உயிர்த்தெழுதலின் கீற்று ஏதும் இதில் இல்லை என்பதில் அவரோடு நாமும் உடன்படுகிறோம். ஞாயிற்றுக்கிழமையை ஓவியத்திற்குள் தேடுவது வீண். நாவலும் ஞாயிற்றுக்கிழமை இல்லாத நாவலே. இதற்குமுன் 1866இல் வெளிவந்த 'குற்றமும் தண்டனையும்' நாவலில் லாசருவின் உயிர்த்தெழுதல் வாசிக்கப்பட்டு, முடிவில் புதுவாழ்வின் விடியல் தோன்றுகிறது. 'அசடன்' முடிவில் ஒருவன் சைபீரியாவுக்கும் மற்றவன் பழைய மருத்துவமனைக்கும் அனுப்பப்படுகின்றனர். அவ்வளவே.

ஆயினும் தஸ்தயேவ்ஸ்கியை அவ்வுடல் விடவில்லை. 1878இல் அவருடைய மகன் அலெக்சேய் மூன்று வயது நிரம்புமுன் வலிப்பினால் இறந்தான். அடுத்த இரண்டாண்டுகளில் அவர் எழுதிய 'கரமாசோவ் சகோதரர்கள்' நாவலின் நடுவிலும் ஒரு பிணம் கிடத்தப்பட்டிருக்கிறது. பெரியவர் சோசிமாவின் உடல் அற்புதம் ஏதும் நிகழ்த்தாமல் நாற்றமெடுக்கத் தொடங்க, இளம் சீடன் அல்யோஷா நிலைகுலைந்து வெளியேறுகிறான். ஆனால் அவன் இரவில் திரும்பி வருகிறான். பெட்டியருகே மண்டியிடுகிறான். கானாவூர்க் கலியாணத்தின் பகுதி வாசிக்கப்படுவதைக் கேட்டவாறே கண்ணயர்ந்து, மகிழ்ச்சியின் தரிசனம் பெற்று எழுகிறான். அத்தரிசனம் பிணத்தினின்று விலகிப்போனவனுக்குக் கிடைக்கவில்லை. திரும்பி வந்து அருகிருந்தவனுக்கே கிடைத்தது. 1867இல் நாற்காலியின்மீது ஏறி நின்று கேட்ட கேள்விக்குப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து அவர் கண்ட விடை இதுவென நாம் கருதுகிறோம். பிணத்தருகே இருத்தல் நம்பிக்கையின் எதிரி அன்று. நம்பிக்கை வந்து சேரும் இடமே அதுவாகலாம்.

நம் சனிக்கிழமை

இனி நம் திருச்சபைக்கு வருவோம். பெரிய வெள்ளியன்று நண்பகல் முதல் மூன்று மணிவரை சிலுவையின் ஏழு வார்த்தைகளைத் தியானிக்கிறோம். ஞாயிறு விடியுமுன் மெழுகுவர்த்தி ஏந்தி உயிர்த்தெழுதலைப் பாடுகிறோம். இடைப்பட்ட நாளில் நம் ஆலயங்களில் நடப்பது என்ன? தரை கழுவப்படுகிறது, பீடத்திற்கு வெள்ளைத்துணி மாற்றப்படுகிறது, பாடகர் குழு பண்டிகைப் பாடலைப் பயில்கிறது, வீடுகளில் மறுநாள் விருந்துக்கு ஏற்பாடு நடக்கிறது. அந்நாளுக்கென்று ஒரு சொல்லும் நம்மிடம் இல்லை. நம் அண்டையிலுள்ள கத்தோலிக்கச் சிற்றூர்களில் பாடுபட்ட சொரூபத்தைச் சிலுவையினின்று இறக்கித் தாங்கிச் செல்கின்றனர். மக்கள் உறவினர் இறந்தாற்போல் அழுகின்றனர். அதனை நாம் அப்படியே ஏற்க வேண்டுவதில்லை. ஆனால் அம்மக்கள் அறிந்த ஒன்றை நாம் மறந்தோம் என்பதை ஒப்புக்கொள்ளல் வேண்டும்.

திருமறை அந்நாளை மறக்கவில்லை. யோசேப்பு கல்லைப் புரட்டிவைத்துவிட்டுச் சென்றபின்பும், மகதலேனா மரியாளும் மற்ற மரியாளும் கல்லறைக்கு எதிரே உட்கார்ந்திருந்தனர் என்று மத்தேயு 27ஆம் அதிகாரத்தில் ஒரு சிறு வசனம் கூறுகிறது. அவர்கள் அங்கே எதுவும் செய்யவில்லை, எதுவும் பேசவில்லை, மூன்றாம் நாளை எதிர்பார்த்திருந்ததாகவும் சொல்லப்படவில்லை. எதிரே இருந்தனர், அவ்வளவே. ஆனால் உயிர்த்தெழுதலின் செய்தியை முதலில் கேட்டவர்கள் அவர்களே. நம்பிக்கையற்றவரைப்போல் துக்கிக்க வேண்டாம் எனப் பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதியதைக் காட்டி இதனை மறுப்போர் உண்டு. அவ்வசனம் துக்கத்தை விலக்கவில்லை. துக்கத்திற்கு ஓர் எல்லையை மட்டுமே காட்டுகிறது. எல்லையை அறிவிப்பவன் முதலில் அத்துக்கத்திற்குள் நின்றிருத்தல் வேண்டாமா?

ஆகவே இரண்டை நம் உடன் ஊழியர்முன் வைக்கிறோம். பெரிய சனிக்கிழமை மாலையில் பாட்டும் பிரசங்கமும் இன்றி, மத்தேயு 27ஆம் அதிகாரத்தின் இறுதிப் பகுதியை மட்டும் வாசித்து, அரைமணி நேரம் சபையாக அமைதியாய் அமர்ந்திருத்தல் ஒன்று. ஆண்டில் அடக்கம் செய்யப்பட்டோரின் குடும்பத்தாரை அன்று அழைத்தால் அவர்கள் வருவார்கள். மற்றொன்று, இறையியல் மாணவர் கையில் இந்நாவலைக் கொடுத்தல். துயருற்றோரைத் தேற்றும் முறையைப் பாடநூல்கள் கற்பிக்கின்றன. தேற்ற இயலாத இடத்தில் என்ன செய்வது என்பதை மிஷ்கினின் கையைவிடத் தெளிவாகக் காட்டும் பாடநூல் நம்மிடம் இல்லை.

ஹோல்பைனின் படத்தின் நகலை ஒருகால் நம் படிப்பறைச் சுவரில் மாட்டியதுண்டு. வீட்டில் பிணப்படம் எதற்கு என்று துணைவியார் கேட்க, பிள்ளைகளும் அவ்வறைக்குள் வர அஞ்ச, அலமாரிக்குள் வைத்தோம். அது சரியே. நாள்தோறும் பார்ப்பதற்குரிய படம் அன்று அது. வேண்டும்போது எடுத்துப் பார்க்கிறோம். வேண்டும்போது என்றால், பெரும்பாலும் இழவு வீட்டிற்குப் புறப்படும் முன்.

கிணற்று வெடியில் மகனை இழந்த அத்தாய் சில ஆண்டுகளுக்கு முன் காலமானார். நாம் அப்போது வேறு பணியில் இருந்தோம். செய்தி கேட்டுச் சென்றோம். முன்பந்தலில் அதே இடத்தில் அவரைக் கிடத்தியிருந்தனர். அன்று கேட்ட கேள்விக்கு விடை இன்று நமக்குத் தெரியும். அம்மா, இங்கே படுத்திருப்பவன் உங்கள் மகன்தான், வேறெவரும் அல்லர். நம் ஆண்டவரும் ஒருநாள் இவ்வாறே படுத்திருந்தார். அதனால்தான் இவனைத் தனியே விடாமல் நீங்கள் ஈ விரட்டுவது விசுவாசமின்மை ஆகாது. இவ்வாறு அன்று கூறியிருக்க வேண்டும். கூறுவதற்கு இனி அவர் இல்லை. ஆகவே ஒன்றும் கூறாமல், பெண்கள் தந்த இடத்தில் அமர்ந்து, விடியுமட்டும் அங்கேயே இருந்தோம்.